ஒரு டன் கார் மிதக்குது, அதோட சாவி மூழ்குது: அடர்த்தியும் மிதப்பும் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் நேரத்தில் உங்க போனுக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். சென்னை பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிறுத்தியிருந்த கார்கள், காகிதக் கப்பல் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளத்தில் மிதந்து போன காட்சி. அதைப் பார்த்த ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் என்ன சொல்வீங்க? "கார் ஒரு டன் இருக்கும்ல, அது மிதக்குது. கார் சாவி கைக்குள்ள அடங்கும், அது தண்ணில போட்டா உடனே மூழ்குது. ஏன்?"

"கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும்" என்பதுதான் பெரும்பாலான பிள்ளைகள் மனதில் இருக்கும் விதி. பெரியவர்கள் பலருக்கும் அதுதான். பரீட்சையில் "அடர்த்தி = நிறை ÷ பருமன்" என்று சரியாக எழுதி முழு மார்க் வாங்கிய பிள்ளையும், ஒரு பக்கெட் தண்ணீரை முன்னால் வைத்தால் பழைய விதிக்கே திரும்பிவிடும். சூத்திரம் மனப்பாடம் ஆகியிருக்கும், எண்ணம் மாறியிருக்காது.

பாடத்தில் எங்கே வருது?

தமிழ்நாடு அரசுப் பாடநூலில் அடர்த்தி 7ஆம் வகுப்பு அறிவியலில் 'அளவீட்டியல்' பாடத்திலேயே வந்துவிடுகிறது. ஆர்க்கிமிடிஸ் தத்துவமும் மிதத்தல் விதிகளும் 9ஆம் வகுப்பில் 'பாய்மங்கள்' பாடத்தில்தான் விரிவாக வருது. நடுவில் கிட்டத்தட்ட 2 வருஷ இடைவெளி. அடர்த்தியைத் தண்ணீரோடு சேர்க்காமல் வெறும் வகுத்தல் கணக்காகச் சொல்லிக்கொடுத்தால், 9ஆம் வகுப்பில் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் 7ஆம் வகுப்பிலேயே ஒரு பக்கெட், ஒரு தராசு, கொஞ்சம் களிமண் இருந்தால் நல்லது. லேப் தேவையில்லை.

முதல் சிக்கல்: வார்த்தைகள்

இதைப் பல வகுப்புகளில் யாரும் கவனிப்பதில்லை. நம்ம பேச்சுத் தமிழில் 'கனம்' என்றால் எடை. புத்தகத்தில் 'கன அளவு' என்றால் பொருள் அடைத்துக்கொள்ளும் இடம், அதாவது பருமன். ஒரே மாதிரி கேட்கும் இரண்டு சொல், இரண்டு வேறு விஷயம். "கன அளவு அதிகம்" என்றால் "வெயிட் அதிகம்" என்று பிள்ளை எடுத்துக்கொண்டால் அது பிள்ளையின் தப்பே இல்லை.

அடுத்தது 'இடப்பெயர்ச்சி'. இயக்கம் பற்றிய பாடத்தில் இதே சொல், ஒரு பொருள் கிளம்பிய இடத்துக்கும் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரத்தைக் குறிக்கும். இங்கே பொருள் தள்ளிவிட்ட தண்ணீரைக் குறிக்கும். வகுப்பில் "தள்ளிவிட்ட தண்ணீர்" என்றே முதலில் சொல்லிட்டு, அப்புறம் பாடநூல் சொல்லுக்குப் போகலாம்.

மூன்றாவது, 'அடர்த்தி'யே. அடர்த்தியான முடி, அடர்ந்த காடு, அடர்த்தியான குழம்பு என்று சொல்கிறோம். கெட்டியாக இருப்பதெல்லாம் அடர்த்தி அதிகம் என்று பிள்ளைகள் நினைப்பாங்க. எண்ணெய் தண்ணீரைவிட கெட்டி, ஆனா தண்ணீர் மேலே மிதக்குது. தேங்காய் எண்ணெயின் அடர்த்தி ஒரு கன செ.மீ.-க்கு சுமார் 0.92 கிராம், தண்ணீர் 1 கிராம். தேன் கெட்டியும்தான், அடர்த்தியும் அதிகம்தான், சுமார் 1.4. ஆக கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு.

இதற்கு உதவும் ஒரு பாடம் பக்கத்திலேயே இருக்கு: சமூக அறிவியலில் வரும் மக்கள்தொகை அடர்த்தி. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர். எவ்வளவு இடத்தில் எவ்வளவு பேர், அவ்வளவுதான் கணக்கு. ஒரே அளவு டவுன் பஸ். ஒன்றில் 20 பேர், இன்னொன்றில் 90 பேர். பஸ் பெரிதாகவில்லை, உள்ளே இருக்கும் கூட்டம்தான் மாறுது. பொருளின் அடர்த்தியும் இதே எண்ணம்தான். சதுர கிலோமீட்டருக்குப் பதில் கன சென்டிமீட்டர், ஆட்களுக்குப் பதில் கிராம்.

தர்பூசணியும் திராட்சையும்

சூத்திரத்தை போர்டில் எழுதுவதற்கு முன் ஒரு பெரிய அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி, ஒரு சின்ன தர்பூசணியையும் ஒரு திராட்சையையும் எடுத்துக்கோங்க. எது மிதக்கும், எது மூழ்கும் என்று எல்லாரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்க. வாயால் சொல்லவிட்டால் முதல் பெஞ்ச் சொன்னதைத்தான் மற்றவர்களும் சொல்வாங்க. எழுதினால்தான் அவரவர் எண்ணம் வெளியே வரும்.

தர்பூசணி மிதக்கும். திராட்சை அடியில் போய் உட்காரும். "கனமா இருந்தா மூழ்கும்" என்ற விதி அந்த நிமிஷமே ஆட்டம் காணும். இப்போதுதான் கேட்கணும்: எடை மட்டும் இல்லைன்னா, வேற எது? தர்பூசணி எவ்வளவு எடையோ அவ்வளவு இடத்தையும் அடைச்சிருக்கு என்ற பதில் வகுப்பிலிருந்தே வரும். வந்த பிறகு சூத்திரத்தை எழுதுங்க.

கமலா ஆரஞ்சையும் சேர்க்கலாம். தோலோடு போட்டால் மிதக்கும், உரித்துப் போட்டால் பெரும்பாலும் மூழ்கும். எடை குறைந்திருக்கு, ஆனாலும் மூழ்குது. காற்று நிறைந்த தோல் போனதால் சராசரி அடர்த்தி கூடிவிட்டது.

மூழ்கினால் ஒரு கணக்கு, மிதந்தால் வேறு கணக்கு

இந்தப் பாடத்தின் நடுமையம் இதுதான், பலர் வழுக்குவதும் இங்கேதான். ஒரு பொருள் முழுசா மூழ்கினால், அது தள்ளிவிடும் தண்ணீர் அதன் பருமனுக்குச் சமம். எடை எவ்வளவு என்பது தண்ணீருக்குத் தெரியாது. ஒரே அளவுள்ள ஒரு கண்ணாடிக் கோலியையும் ஒரு இரும்புக் குண்டையும் தனித்தனி டம்ளரில் போட்டால் தண்ணீர் ஒரே உயரத்துக்குத்தான் ஏறும். "இரும்பு கனம், அதனால அதிகமா ஏறும்" என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய இருப்பாங்க. போட்டுக் காட்டினால்தான் நம்புவாங்க.

மிதந்தால் கதை மாறுது. அப்போது தள்ளிவிடும் தண்ணீரின் எடை, பொருளின் எடைக்குச் சமம்.

100 கிராம் களிமண்ணை உருண்டையாகப் போடுங்க. மூழ்கி, சுமார் 60 மில்லி தண்ணீரைத்தான் தள்ளும். அதே களிமண்ணைக் கிண்ணம் மாதிரி செய்து மிதக்கவிடுங்க. இப்போது 100 மில்லி தள்ளுது. அதாவது அதே களிமண் மிதக்கும்போதுதான் தண்ணீர் மட்டம் அதிகமாக ஏறும்! மார்க்கர் பேனாவால் பக்கெட்டில் கோடு போட்டுக் காட்டுங்க. பாத்திரம் குறுகலாக இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அகலமான டப்பில் செய்தால் ஒன்றும் தெரியாது.

இன்னொரு தவறான எண்ணம், "நிறைய தண்ணி இருந்தாத்தான் மிதக்கும்" என்பது. ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சமாக, 50 மில்லி அளவு தண்ணீர் ஊற்றுங்க. அதற்குள் சற்றே சின்ன டம்ளர் ஒன்றை உள்ளே கொஞ்சம் மணல் போட்டு இறக்குங்க. இரண்டு டம்ளருக்கும் இடையே தண்ணீர் மேலேறி, சின்ன டம்ளர் மிதக்கும். அதன் எடை 150 கிராம் இருக்கலாம், பாத்திரத்தில் இருந்த மொத்தத் தண்ணீரே 50 கிராம்தான். எப்படி? தள்ளிவிட்ட தண்ணீர் என்பது வெளியே வழிந்தோடியே ஆக வேண்டிய தண்ணீர் இல்லை; நீர்மட்டத்துக்குக் கீழே பொருள் பிடித்திருக்கும் இடத்தின் அளவு, அவ்வளவே.

கிணற்று வாளி சொல்லும் பாடம்

மேல்நோக்கித் தள்ளும் விசை, அதாவது மிதப்பு விசை, எங்கிருந்து வருது? கிணற்றில் தண்ணி சேந்தியவர்களைக் கேளுங்க. வாளி தண்ணீருக்குள் இருக்கும் வரை கயிறு லேசாக இருக்கும். வாளி மட்டத்தைத் தாண்டி மேலே வரும்போதுதான் கை இழுபடும். 15 லிட்டர் வாளி என்றால், வெளியே வந்ததும் 15 கிலோ தண்ணீரின் எடை முழுசாகக் கைக்கு வருது. உள்ளே இருந்தபோது அந்த எடையைச் சுற்றியிருந்த தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்தது. கிணறு இல்லாத ஊரில் ஒரு டிரம்மும் ஒரு சொம்பும் போதும். பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கம் அனுப்ப வேண்டாம்.

காரணம் எளிமையானது. ஆழம் போகப் போக நீரின் அழுத்தம் கூடும். பொருளின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஆழத்தில் இருப்பதால், கீழிருந்து வரும் தள்ளல் மேலிருந்து வரும் தள்ளலைவிட அதிகம். அந்த வித்தியாசம்தான் மிதப்பு விசை. மூழ்கும் பொருளுக்கும் இந்த விசை உண்டு. "மூழ்கிடுச்சு, அதனால மிதப்பு விசை இல்லை" என்று எழுதும் மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லணும்.

சமையலறைத் தராசு போதும்

பள்ளியில் சுருள் வில் தராசு இல்லையா? மாவு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு போதும். பாதி தண்ணீர் உள்ள டம்ளரை அதன் மேல் வைத்து, பூஜ்ஜியம் காட்டும்படி பட்டனை அழுத்துங்க. ஒரு கல்லை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுசாகத் தொங்கவிடுங்க. தராசு 40 கிராம் காட்டுதுன்னு வைத்துக்கொள்வோம். தண்ணீர் கல்லை மேலே தள்ளுது. பதிலுக்குக் கல் தண்ணீரைக் கீழே தள்ளுது. அந்தத் தள்ளல்தான் தராசில் தெரியுது. தள்ளிவிட்ட தண்ணீர் 40 கிராம், ஆக கல்லின் பருமன் 40 மில்லி.

இப்போது நூலைத் தளர்த்திக் கல்லை அடியில் உட்காரவிடுங்க. தராசு 104 கிராம் காட்டினால் அது கல்லின் நிறை. 104-ஐ 40-ஆல் வகுத்தால் 2.6. கருங்கல்லின் அடர்த்தி கிட்டத்தட்ட அதுதான். ஒரே சோதனையில் நிறை, பருமன், அடர்த்தி, மிதப்பு விசை நாலும் கிடைக்குது. என்னைக் கேட்டால் ஒரே ஒரு செய்முறைக்குத்தான் நேரம் இருக்கு என்றால் இதைச் செய்யலாம்.

'யுரேகா' கதையில் ஒரு இடைஞ்சல்

ஆர்க்கிமிடிஸ் சிசிலித் தீவின் சிராகுஸ் நகரில் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். குளியல் தொட்டி, தங்கக் கிரீடம், தெருவில் ஓட்டம் என்ற கதை அவர் எழுதியதாக நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் இல்லை. சுமார் 200 ஆண்டுகள் கழித்து விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக்கலைஞர் எழுதியது.

கணக்கும் கொஞ்சம் இடிக்குது. ஒரு கிலோ சுத்தத் தங்கத்தின் பருமன் சுமார் 52 மில்லி. அதில் 300 கிராமை எடுத்துவிட்டு வெள்ளி கலந்தால் பருமன் சுமார் 65 மில்லி. வித்தியாசம் 13 மில்லி. 20 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தில் இது அரை மில்லிமீட்டர்கூட வராது. கண்ணால் பார்த்துத் திருட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கலிலியோவுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. 1586-ல், 22 வயதில், தண்ணீருக்குள் வைத்து நிறுக்கும் தராசு பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஆர்க்கிமிடிஸ் அப்படித்தான் செய்திருக்கணும் என்பது அவர் எண்ணம். மேலே சொன்ன சமையலறைத் தராசுச் சோதனை அதன் நெருங்கிய சொந்தம்தான். கதையைச் சொல்லுங்க, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சொல்லிட்டு இந்தக் கணக்கையும் போடச் சொல்லுங்க.

கட்டுமரமும் கப்பலும்

மிதக்க இரண்டு வழி இருக்கு. ஒன்று, பொருளே தண்ணீரைவிட அடர்த்தி குறைவாக இருப்பது. ஆங்கிலத்துக்கே பெயர் கொடுத்த நம்ம கட்டுமரம் அப்படித்தான். லேசான மரத் தடிகளைச் சேர்த்துக் கட்டியது. அலை மேலே ஏறி அடித்தாலும் நிரம்ப உள்ளே இடமே இல்லை, அதனால் தண்ணீர் புகுந்து மூழ்காது. இரண்டாவது வழி வடிவம். இரும்பின் அடர்த்தி 7.9, ஆனால் கப்பல் என்பது வெறும் இரும்பு இல்லை, இரும்புச் சுவருக்குள் அடைபட்ட காற்றும் சேர்ந்தது. மொத்தத்தின் சராசரி தண்ணீரைவிடக் குறைவு. ஓட்டை விழுந்து காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்தால் சராசரி கூடும், கப்பல் போச்சு.

போர்க்கப்பல்களின் எடையைச் சொல்வதே தள்ளிவிடும் நீரின் எடையாகத்தான். விமானம் தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்த் சுமார் 45,000 டன் என்கிறார்களே, கடலில் அது 45,000 டன் நீரைத் தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். தராசில் தூக்கி வைத்து நிறுக்கவில்லை.

வகுப்பில் இதற்கு அலுமினியத் தாள் படகு நல்லா வேலை செய்யும். எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு தாள், எந்தப் படகு அதிக நாணயம் தாங்குது என்று போட்டி. போட்டிக்கு முன்பே முடிவைக் கணிக்கலாம்: படகுக்குள் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் அளந்தால் 200 மில்லி வந்தால், படகும் நாணயங்களும் சேர்ந்து ஏறக்குறைய 200 கிராம் வரை தாங்கும். ஒரு எச்சரிக்கை: "இதே தாள் உருண்டையானால் மூழ்கும்" என்று காட்டப்போய்ப் பலர் மாட்டிக்கொள்வாங்க. கசக்கிய உருண்டைக்குள் காற்று இருப்பதால் அது மிதந்துவிடும். பல மடிப்பாக மடித்து நன்றாகத் தட்டி அழுத்தினால்தான் மூழ்கும்.

காரும் கேஸ் சிலிண்டரும்

இப்போ அந்த வீடியோ. சின்ன கார் ஒன்றின் எடை சுமார் 1,000 கிலோ, அடித்தளம் தோராயமாக 6 சதுர மீட்டர் என்று வைப்போம். அடித்தளத்துக்கு மேல் தண்ணீர் 10 செ.மீ. ஏறினாலே 600 லிட்டர் இடம், 600 கிலோ மேல்நோக்கிய விசை. சுமார் 17 செ.மீ. ஏறினால் 1,000 கிலோவும் சமன் ஆகிவிடும். தரையிலிருந்து அடித்தளம் வரை இன்னொரு 17 செ.மீ. சேர்த்தால், மொத்தம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல். கதவு இடுக்கில் தண்ணீர் புகுவதால் உண்மையில் சற்றுத் தாமதமாகலாம். ஆனால் மிதப்பதற்கு முன்பே டயரின் பிடி போய்விடும், ஓடும் வெள்ளம் பக்கவாட்டில் தள்ள அதுவே போதும். "முழங்கால் அளவு தண்ணிதானே, கார் கனமாச்சே" என்று சுரங்கப்பாதையில் இறக்குபவர் நம்புவது அதே பழைய விதியைத்தான்.

சிலிண்டர் கதை இன்னும் ஆச்சரியம். வீட்டு சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ, காலி சிலிண்டர் சுமார் 15 முதல் 16 கிலோ, மொத்தம் 30 கிலோ அளவு. உள்கொள்ளளவு 33.3 லிட்டர், இரும்புச் சுவரையும் சேர்த்தால் வெளிப்பருமன் சுமார் 35 லிட்டர். முழுசா மூழ்கினால் 35 கிலோ தண்ணீரைத் தள்ளணும், எடையோ 30 கிலோ. ஆக நிரம்பிய சிலிண்டரே மிதக்கும். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது அது தரையை விட்டு எழும்பி, சாய்ந்து, குழாயை இழுக்கும். வெள்ளம் வரும் பகுதியில் இருந்தால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரை உயரத்திலோ கட்டியோ வையுங்க.

உப்பு, ஐஸ், தேங்காய் எண்ணெய்

முட்டை நல்ல தண்ணீரில் மூழ்கும், உப்பைக் கரைத்துக்கொண்டே போனால் மேலே வரும். இதை மேஜிக் மாதிரி காட்டுவதோடு நிறுத்தாமல் விதைநெல்லோடு சேர்த்துச் சொல்லலாம். நல்ல முட்டையின் மேற்புறம் ஒரு நாணய அளவு வெளியே தெரியும் வரை உப்பைக் கரைத்து, அதில் விதைநெல்லைக் கொட்டுவாங்க. மிதக்கும் பதரையும் அரைகுறை நெல்லையும் நீக்கிட்டு, அடியில் தங்கிய முற்றிய நெல்லை நன்றாகக் கழுவி விதைப்பாங்க. கிராமத்துப் பிள்ளைகள் சிலர் இதைப் பார்த்திருப்பாங்க, அவங்களையே சொல்லவிடுங்க.

ஐஸ் மிதப்பது தண்ணீரின் தனிக்குணம். உறைந்தால் விரிந்து அடர்த்தி 0.92 ஆகிவிடும். எல்லாத் திரவமும் அப்படி இல்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்க, உறைந்த பகுதி அடியில்தான் இருக்கும்.

வகுப்பு முடிவில் ஒரு கேள்வி

குளத்தில் ஒரு படகு. அதில் 500 கிராம் எடையுள்ள ஒரு கல். அந்தக் கல்லைத் தூக்கிக் குளத்தில் போட்டால் குளத்தின் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?

"ஏறும்" என்று பாதி வகுப்பு சொல்லும். இறங்கும் என்பதுதான் சரி. கல் படகில் இருந்தவரை தன் எடைக்குச் சமமாக 500 மில்லி தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தது. அடர்த்தி 2.5 என்றால், அடியில் போன பிறகு தன் பருமனான 200 மில்லியைத்தான் தள்ளுது. குளத்துக்குப் பதிலாக ஒரு சின்ன டப்பா, படகுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கிண்ணம் வைத்துச் செய்து பார்த்தால், 300 மில்லி வித்தியாசம் கோடு போட்டுக் காட்டும் அளவுக்குக் கண்ணுக்கே தெரியும்.